ஓட்டை கண்ணில் பட்டுவிட்டது, யாரிடம் சொல்வது?

ரத்தப் பரிசோதனை ஆய்வகத்திலிருந்து அப்பாவின் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி. ரிப்போர்ட் தயார், லிங்கைத் தட்டவும். தட்டினால் பிடிஎஃப் திறக்கிறது. பாஸ்வேர்டு கேட்கவில்லை, ஓடிபியும் கேட்கவில்லை. முகவரியின் கடைசியில் ஓர் ஆறு இலக்க எண். சும்மா அதில் ஓர் இலக்கத்தை மாற்றி எண்டர் தட்டுகிறீர்கள். முன்பின் தெரியாத ஒருவரின் பெயர், வயது, கைப்பேசி எண், சர்க்கரை அளவு எல்லாம் திரையில் வந்து நிற்கிறது.

நான் இட்டுக்கட்டிய உதாரணம்தான் இது. ஆனால் மென்பொருள் பாதுகாப்பு வேலையில் இருக்கும் யாரிடம் கேட்டாலும், பார்த்துச் சலித்த வகை என்பார்கள். கண்டுபிடிக்கத் திறமை எதுவும் தேவைப்படாததால், நாளைக்கே உங்கள் கண்ணிலும் படலாம். பட்டால் உங்கள் முன் நான்கு வழிகள். அந்த ஆய்வகத்துக்கே எழுதலாம். நிறுவனம் பக் பவுண்டி எனப்படும் பரிசுத் திட்டம் வைத்திருந்தால் அதன் வழியே போகலாம். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போன்ற நடுவரிடம் ஒப்படைக்கலாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து எக்ஸ் தளத்தில் போட்டு நாறடிக்கவும் செய்யலாம்.

நான்கு வழிக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள், நான்குமே ஏதோ ஒரு சந்தர்ப்பத்தில் சரியாகவும் இருந்திருக்கின்றன. என் கட்சி இதுதான்: சரிசெய்யும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு முதலில், தனியாக, ஒரு தேதியைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். அந்தத் தேதி தாண்டிப்போனால், அல்லது அந்த ஆளையே பிடிக்க முடியவில்லை என்றால், அல்லது அந்த ஆள் மீதே சந்தேகம் என்றால் மற்ற வழிகள்.

எல்லாப் பிழைக்கும் ரகசியம் வேண்டாம்

லிப்ரே ஆபிஸில் அடித்த தமிழ்க் கடிதத்தைப் பிடிஎஃப் ஆக்கும்போது கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எரிச்சலான விஷயம்தான், ஆனால் யார் பணமும் போகாது, யார் ரகசியமும் வெளியேறாது. இந்த மாதிரிப் பிழையைப் பொதுவில்தான் பதிய வேண்டும். அந்தத் திட்டத்தின் பிழைப் பதிவுத் தளமான பக்ஸில்லா எல்லோரும் படிக்கும்படி திறந்தே இருக்கிறது. அதே பிழையை வேறு யாராவது ஏற்கெனவே எழுதியிருக்கிறார்களா என்று முதலில் தேடிப் பாருங்கள். இருந்தால் புதிதாக ஒன்றைத் திறக்காமல், அதன் அடியிலேயே உங்கள் வெர்ஷன் எண்ணையும் இயங்குதளத்தையும் சேருங்கள். ‘எனக்கும் இதே’ என்று மட்டும் எழுதினால் அந்தப் பதிவைப் பின்தொடரும் அத்தனை பேருக்கும் மின்னஞ்சல் போகும், புதிய தகவல் ஒன்றும் போகாது.

யாரிடம் சொல்வது என்பதை இங்கேயும் கொஞ்சம் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். லதா எழுத்துருவில் உடைகிற எழுத்து நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவிலும் உடைகிறதா? லதாவில் மட்டும் என்றால் குறை எழுத்துருவில். எல்லா எழுத்துருவிலும் உடைந்து, அதே வரி ஃபயர்பாக்ஸில் ஒழுங்காகத் தெரிந்தால் குறை லிப்ரே ஆபிஸில். இரண்டிலும் ஒரே மாதிரி உடைந்தால் ஹார்ஃப்பஸ்மீது சந்தேகம் வரும், ஏனென்றால் தமிழ் எழுத்துகளைக் கோத்துத் தருகிற அந்த நிரல் தொகுப்பைத்தான் இரண்டு மென்பொருளும் பயன்படுத்துகின்றன. இதைச் செய்யாமல் ‘தமிழ் வேலை செய்யவில்லை, உடனே சரிசெய்யவும்’ என்று எழுதி, கைப்பேசியில் எடுத்த மங்கலான படம் ஒன்றை இணைப்பவர்கள் நம்மில் அதிகம். திரையின் ஓரத்தில் தூசி இருந்தது மட்டும் அந்தப் படத்தில் தெளிவாகத் தெரியும்.

இது சாதாரணப் பிழையா, பாதுகாப்புப் பிழையா என்று குழப்பம் வந்தால் ஒரு கேள்வி போதும்: இது தெரிந்த ஒருவர் இன்னொருவருக்குக் கெடுதல் செய்ய முடியுமா? 2018 பிப்ரவரியில் ஒரு தெலுங்கு எழுத்துச் சேர்க்கை ஐபோனைப் படாத பாடு படுத்தியது. குறிப்பிட்ட அந்த எழுத்து செய்தியில் வந்தாலே செயலி முடங்கும். பார்த்தால் எழுத்தைக் காட்டுவதில் உள்ள வெறும் கோளாறுதான். விஷயம் பரவியதும் வேண்டுமென்றே ஒருவருக்கொருவர் அந்த எழுத்தை அனுப்பி வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். ஆப்பிள் அந்த மாதம் 19ஆம் தேதி ஐஓஎஸ் 11.2.6 வெளியிட்டு அதை அடக்கியது. எழுத்து உடைவதும் செயலி விழுவதும் ஒரே குடும்பத்துப் பிழைகள்தான். என்றாலும் முதலாவதைப் பொதுவில் சொல்லலாம், இரண்டாவதைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும்.

நேரே அவர்களிடமே சொல்வது

ஆய்வகத்துக்குத் திரும்புவோம். யாருக்கு எழுதுவது என்பதே இங்கே முதல் சிக்கல். பாதுகாப்புக் குறைகளை எங்கே அனுப்பலாம் என்று அறிவிக்க, செக்யூரிட்டி.டிஎக்ஸ்டி என்ற சிறு கோப்பைத் தளத்தில் வைக்கும் முறை ஒன்று உண்டு. 2022 ஏப்ரலில் ஆர்எஃப்சி 9116 என்ற எண்ணில் அது முறைப்படி ஆவணமானது. பெரிய நிறுவனங்களின் தளங்களில் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். தெருமுனை ஆய்வகத்தின் தளத்தில் எதிர்பார்க்காதீர்கள். அங்கே பக்கத்தின் அடியில், மென்பொருளைச் செய்து கொடுத்த நிறுவனத்தின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். வரவேற்பறை எண்ணை விட அந்தப் பெயர் பயனுள்ளது. அதே மென்பொருளை இன்னும் எத்தனையோ ஆய்வகங்கள் வாங்கியிருக்கக்கூடும், ஓரிடத்தில் திருத்தினால் எல்லாருக்கும் சேர்த்து ஓட்டை அடைபடும். இரண்டு பேருக்கும் ஒரே மடலை அனுப்புவது நல்லது.

மடலை நான் இப்படி எழுதுவேன்:

‘வணக்கம். உங்கள் ஆய்வகத்தில் பரிசோதனை செய்துகொண்ட ஒருவரின் மகன் நான். ரிப்போர்ட் லிங்கின் கடைசியில் உள்ள எண்ணை மாற்றினால், உள்நுழையாமலே வேறொருவரின் ரிப்போர்ட் திறக்கிறது. ஜூன் 3 காலை 10.20 அளவில் குரோமில் ஒரே ஒரு முறை இப்படித் திறந்தது. அந்தக் கோப்பை நான் சேமிக்கவில்லை, யாருக்கும் அனுப்பவில்லை. எங்கள் சொந்த ரிப்போர்ட்டின் லிங்கை இத்துடன் தந்திருக்கிறேன். அதை வேறொரு கணினியில், உள்நுழையாமல் திறந்து உங்கள் ஆட்கள் சோதிக்கலாம். மடல் உரியவரிடம் சேர்ந்ததா என்று ஒரு வாரத்துக்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும். ஜூலை 18க்குப் பிறகு இதுபற்றிப் பொதுவில் எழுத எண்ணியிருக்கிறேன். அதற்குள் முடிக்க இயலாது என்றால் சொல்லுங்கள், பேசலாம்.’

இதில் பட்டிக்காட்டுப் பணிவும் இல்லை, சட்டப் பிரிவு எண்களும் இல்லை. என்ன செய்தால் என்ன நடக்கிறது என்பது இரண்டாவது வரிக்குள் வந்துவிடுகிறது. படிப்பவர் கணினி தெரியாத மேலாளராக இருந்தாலும், இதை யாரிடம் தள்ளிவிட வேண்டும் என்று அவருக்குப் புரியும். நேரம் குறித்திருப்பதால் அவர்களுடைய சர்வர் பதிவில் தேடிப் பிடிக்கலாம். சொந்த லிங்கைக் கொடுத்ததால் இன்னொருவரின் ரிப்போர்ட்டை மறுபடி திறக்கும் தேவை யாருக்கும் வரவில்லை.

‘ஒரே ஒரு முறை’ என்ற இடம் முக்கியம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினி அமைப்பில் நுழைவதையும் தகவலை எடுப்பதையும் தவறு என்கிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்தோடோ மோசடியாகவோ செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தில் சோதிப்பவருக்கென்று தனி விலக்கு எதுவும் அங்கே எழுதப்படவில்லை. அமெரிக்காவிலாவது, நல்லெண்ண ஆய்வாளர்கள்மீது கணினி மோசடிச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர வேண்டாம் என்று நீதி அமைச்சகம் 2022 மே மாதம் தன் வழக்கறிஞர்களுக்குக் கொள்கை வகுத்தது. ஆகவே, ‘எவ்வளவு பேர் தகவல் போகிறது பார்ப்போம்’ என்று ஸ்கிரிப்ட் எழுதி ஆயிரம் ரிப்போர்ட்டை இறக்கிவிட்டு, ‘உதவத்தான் செய்தேன்’ என்று சொன்னால் எடுபடாது. அம்மாவின் ரிப்போர்ட் எண்ணும் அப்பாவின் ரிப்போர்ட் எண்ணும் கையில் இருந்தால் அவை இரண்டை மட்டும் வைத்துச் சோதிப்பது இன்னும் பாதுகாப்பு.

மடலைக் கெடுக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ‘உங்கள் தளத்தில் பயங்கர ஓட்டை, விவரம் வேண்டுமானால் எவ்வளவு தருவீர்கள்?’ என்று கேட்பதுதான் அது. பரிசுத் திட்டமே இல்லாத இடத்தில் இப்படிக் கேட்டால் பெறுபவர் அதை மிரட்டலாகத்தான் படிப்பார், வக்கீலிடம்தான் ஓடுவார். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. இதை முதல் மடலிலேயே எடுத்து நீட்டுவதும் கிட்டத்தட்ட அதே விளைவைத்தான் தரும்.

தேதி குறிப்பிடுவதை மிரட்டல் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அது மரியாதையாகவே படுகிறது. எதிராளிக்கு வேலையைத் திட்டமிட ஒரு நாள் தெரிகிறது, எந்தக் காலையில் செய்தி வெடிக்கும் என்ற பயம் இல்லை. கூகுளில் ஓட்டைகளைத் தேடும் புராஜெக்ட் ஜீரோ குழு 2014 முதல் 90 நாள் கணக்கு வைத்திருக்கிறது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் செர்ட் ஒருங்கிணைப்பு மையத்துக்கு அது 45 நாள். கோடிக்கணக்கான கணினிகளில் பதிந்திருக்கும் மென்பொருள் என்றால் 90 நியாயம். ஒரே சர்வரில் திருத்தினால் முடிகிற ஆய்வகத் தளத்துக்கு 45 நாளே தாராளம். மேலே உள்ள மடலில் ஜூலை 18 வந்தது அந்தக் கணக்கில்தான்.

பரிசுத் திட்டம் வழியே

நிறுவனமே ‘வாருங்கள், சோதியுங்கள், விதிகள் இவை’ என்று எழுதிவைத்திருந்தால், சட்ட பயம் பெருமளவு குறையும், காசும் வரலாம். ஆனால் வாசல் திறந்திருந்தாலும் உள்ளே இருப்பவர் நீங்கள் எழுதியதை ஒழுங்காகப் படித்தால்தான் பயன். இதற்கு ஒரே நிறுவனத்தில் நடந்த இரண்டு கதைகள் எனக்குப் பிடித்தமானவை.

2013 ஆகஸ்டில் பாலஸ்தீனத்தைச் சேர்ந்த கலீல் ஷ்ரேதே, ஃபேஸ்புக்கில் நண்பராக இல்லாத ஒருவரின் சுவரிலும் பதிவு போட முடிகிறது என்று கண்டுபிடித்தார். அதை நிரூபிக்க, மார்க் ஸக்கர்பெர்க்கின் கல்லூரித் தோழி ஒருவரின் சுவரில் எழுதி அந்த லிங்கை அனுப்பினார். அவருடைய நண்பர்கள் மட்டுமே பார்க்கக்கூடிய பதிவு அது. லிங்கைத் திறந்த ஊழியருக்கு ஒன்றும் தெரியவில்லை. எப்படிச் செய்தார் என்ற விளக்கமும் மடலில் போதுமான அளவு இல்லை. இது பக் அல்ல என்று பதில் வந்தது. கோபப்பட்ட கலீல் நேரே ஸக்கர்பெர்க்கின் சுவரிலேயே எழுதிவிட்டார். சில நிமிடங்களில் பாதுகாப்புக் குழு தொடர்புகொண்டது, ஓட்டையும் அடைபட்டது. ஆனால் அனுமதியின்றி மற்றவர் கணக்கில் சோதித்தது விதிமீறல் என்று பரிசை மறுத்துவிட்டார்கள். கூடுதல் விவரம் கேட்காமல் விட்டது தங்கள் தவறு என்று ஃபேஸ்புக் தரப்பும் பின்பு ஒப்புக்கொண்டது. கணினிப் பாதுகாப்புத் துறையினர் பொதுமக்களிடம் திரட்டி 10,000 டாலருக்கு மேல் கொடுத்தது தனிக் கதை.

ஆறு ஆண்டு கழித்து 2019இல், சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையா, ஃபேஸ்புக்குக்குச் சொந்தமான இன்ஸ்டாகிராமில் பாஸ்வேர்டை மீட்கும் வழியில் ஓர் ஓட்டையைக் கண்டார். கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்கக் குறியீட்டுக்குப் பத்து நிமிடம்தான் ஆயுள். மொத்தம் 10 லட்சம் சாத்தியங்கள். ஓரிடத்திலிருந்து அடித்துக்கொண்டே இருந்தால் தடுத்துவிடுவார்கள். பல ஐபி முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் அனுப்பினால் தடுப்பு விழவில்லை. 1,000 முகவரிகளிலிருந்து 2 லட்சம் முயற்சிகளை அனுப்பிக் காட்டினார். 5,000 முகவரி இருந்தால் முழுவதையும் முடிக்கலாம், கிளவுடில் செலவு 150 டாலர் போலத்தான் ஆகும் என்று கணக்கும் போட்டுக் கொடுத்தார். அவருக்கும் முதலில் கிடைத்த பதில் கலீலுக்குக் கிடைத்தது போன்றதுதான், பிழையை இங்கே நிகழ்த்திப் பார்க்க முடியவில்லை என்றார்கள். லக்ஷ்மண் மேலும் சில மடல்கள் எழுதினார், செய்முறையை வீடியோவாக அனுப்பினார். ஒப்புக்கொண்டார்கள், அடைத்தார்கள், 30,000 டாலர் தந்தார்கள். அதன் பிறகே அவர் பொதுவில் எழுதினார்.

இருவருடைய திறமையையும் எடைபோட நான் இதைச் சொல்லவில்லை. முதல் மறுப்புக்குப் பிறகு எழுதும் இரண்டாவது மடலைப் பற்றித்தான் பேசுகிறேன். மறுப்பு வந்ததும் ‘இவர்களுக்குப் புத்தி இல்லை’ என்று தோன்றுவது இயல்பு. என் மடலில் எந்தப் படி விடுபட்டது என்று தேடிப் பார்ப்பதற்கு அதைவிடக் குறைந்த நேரமே ஆகும், பலனும் அதிகம்.

இந்த வழிக்கு இரண்டு குறைகள். பல திட்டங்களில் பரிசை வாங்கினால் வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனை உண்டு, ஓட்டை அடைபடாமலே கிடந்தாலும் சரி. 2019இல் பாதுகாப்பு ஆய்வாளர் ஜோனதன் லைட்ஷு, மேக் கணினியில் ஜூம் வைத்திருப்பவரை ஓர் இணையப் பக்கமே கேமராவோடு அழைப்புக்குள் இழுத்துவிட முடியும் என்று கண்டார். இந்த நிபந்தனைக்காகவே அவர் ஜூம் தர முன்வந்த பரிசை வேண்டாம் என்றார். இரண்டாவது குறை, காசு வரும் இடத்தில் கூட்டமும் வரும். இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் என்ற சிறு கருவி இல்லாத கணினியோ கைப்பேசியோ அரிது. அதைப் பராமரிக்கும் ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்க், 2019இல் தொடங்கிய பரிசுத் திட்டத்தை 2026 ஜனவரியோடு மூடிவிட்டார். காரணம், செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதி வாங்கிய போலி ஓட்டை அறிக்கைகள். இல்லாத ஃபங்ஷனில் இல்லாத பிழையைப் பற்றி இலக்கணச் சுத்தமாக எழுதியிருப்பார்கள். பொய் என்று காட்ட, விரல்விட்டு எண்ணக்கூடிய சில பராமரிப்பாளர்கள் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். நீங்களே ஓட்டிப் பார்த்து உறுதிசெய்யாத எதையும் யாருக்கும் அனுப்பாதீர்கள். பேச்சில் எவ்வளவு பணிவு காட்டினாலும் இந்த நேர விரயத்துக்கு அது ஈடாகாது.

நடுவரிடம் ஒப்படைப்பது

இதை நான் அதிகம் நீட்டப்போவதில்லை. அரசுத் தளத்தில் ஓட்டை என்றாலோ, நிறுவனத்திடமிருந்து ஒரு மாதமாகச் சத்தமே இல்லை என்றாலோ, உங்கள் பெயர் தெரிந்தால் தொல்லை வரும் என்று அஞ்சினாலோ, 2004 முதல் இயங்கும் செர்ட்-இன் பொருத்தமான இடம். மின்சாரம், வங்கி, தொலைத்தொடர்பு போன்ற முக்கியக் கட்டமைப்பு என்றால் அவற்றுக்கென்றே உள்ள அரசு அமைப்பான என்சிஐஐபிசி. எங்கோ ஒருவர் தனியாக எழுதும் மடலுக்கு இல்லாத எடை இவர்களுடைய மடலுக்கு உண்டு. ஆனால் கொடுத்த பிறகு வேகம் உங்கள் கையில் இல்லை, என்ன நடக்கிறது என்ற தகவலும் அடிக்கடி வராது.

ஒரே ஓட்டை பல நிறுவனங்களைத் தொடும்போது நடுவர் இல்லாமல் முடியாது. 2008இல் பாதுகாப்பு ஆய்வாளர் டான் காமின்ஸ்கி, இணையதளப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பின் அடிப்படையிலேயே குறை கண்டபோது யார் ஒருவருக்கு மட்டும் சொல்லியும் பயனில்லை. அந்த மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் வளாகத்தில் 16 பேர் கூடி ரகசியமாகப் பேசினார்கள், ஜூலை 8 அன்று பல நிறுவனங்கள் ஒரே நாளில் பேட்ச் எனப்படும் திருத்தத்தை வெளியிட்டன. அதன் பிறகும் ஒரு மாதம் விவரம் பேசாமல் இருங்கள் என்று காமின்ஸ்கி கேட்டுக்கொண்டார். இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை, கசிந்துவிட்டது.

நடுவர் இடத்தில் அரசு உட்காரும்போது வேறொரு கணக்கும் வருகிறது. 2021 நவம்பர் 24 அன்று அலிபாபா கிளவுடைச் சேர்ந்த சென் ஜாவ்ஜுன், எண்ணற்ற மென்பொருள்களுக்குள் இருக்கும் லாக்4ஜே என்ற பதிவெழுதும் நிரலில் கண்ட ஓட்டையை, அதைப் பராமரிக்கும் அப்பாச்சி அமைப்புக்குத் தனியாகத் தெரிவித்தார். உலகம் முழுக்க அதைச் சரியான நடத்தை என்றுதான் சொல்வார்கள். சீன அமைச்சகமோ தங்களிடம் உரிய நேரத்தில் சொல்லவில்லை என்று அலிபாபா கிளவுடுடனான கூட்டுறவை ஆறு மாதம் நிறுத்திவைத்தது. அடைபடாத ஓட்டையின் விவரம் அரசின் கைக்கு முதலில் போக வேண்டுமா, மென்பொருளைச் செய்தவர் கைக்கா என்ற கேள்வியில் நான் செய்தவர் பக்கம்.

ஊரறியச் சொல்வது

பொதுவில் போடுவதைப் பொறுப்பற்ற செயல் என்று ஒரேயடியாக ஒதுக்குபவர்களுக்கு வரலாறு தெரியாது. 1993இல் பக்ட்ராக் மடற்குழு பிறந்ததே, தனியாகச் சொன்ன ஓட்டைகளை நிறுவனங்கள் வருடக்கணக்கில் கிடப்பில் போட்டதால்தான். மேலே சொன்ன ஜூம் கதையிலும், 90 நாள் பொறுத்த பிறகு 2019 ஜூலை 8 அன்று லைட்ஷு எழுதினார். மறுநாளே ஜூம் பேட்ச் வெளியிட்டது, அதற்கடுத்த நாள் ஆப்பிளே தன் பங்குக்கு மேக் கணினிகளிலிருந்து ஓட்டைக்குக் காரணமான ஜூம் துண்டை நீக்கியது. மூன்று மாதத்தில் நடக்காதது மூன்று நாளில் நடந்தது.

இதன் விலையைக் கொடுப்பவர் நிறுவன அதிகாரி அல்ல. நம் ஆய்வக உதாரணத்தில், நீங்கள் படம் போட்ட ஒரு மணி நேரத்தில் எண்ணை மாற்றிப் பார்க்க ஆயிரம் பேர் கிளம்புவார்கள். அவர்கள் திறப்பது யாரோ ஒரு பெண்ணின் கர்ப்பப் பரிசோதனை முடிவாக இருக்கும். லாக்4ஜே விஷயத்தில் தனியாகத் தெரிவித்தும்கூட, திருத்தம் எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதப்பட்டதால் டிசம்பர் 9 அன்று தாக்கும் முறை வெளியாகி, வார இறுதியில் உலகமெங்கும் கணினி நிர்வாகிகள் தூக்கம் தொலைத்தார்கள். பதினைந்து நாள் முன்னோட்டம் இருந்தும் அந்த நிலை.

முதலில் பராமரிப்பாளரிடம் சொல் என்ற என் விதியே உடைந்த ஒரு தருணமும் உண்டு. 2024 மார்ச் இறுதியில் மைக்ரோசாஃப்டில் பணிபுரியும் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், டெபியன் என்ற லினக்ஸ் வினியோகத்தின் இன்னும் நிலைப்படாத பதிப்பில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் உள்நுழைவு 0.3 நொடிக்குப் பதில் 0.8 நொடி எடுப்பதைக் கவனித்தார். அந்த அரை நொடியைத் துரத்திப் போனதில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் யாரோ வேண்டுமென்றே பின்வாசல் வைத்திருப்பது தெரிந்தது. அதை வைத்தது ஜியா டான் என்ற பெயரில் இயங்கிய, அந்தத் திட்டத்தின் இணைப் பராமரிப்பாளரே. அவருக்கு மடல் எழுதினால் திருடனுக்குத் தகவல் சொன்னதாகும். ஆண்ட்ரஸ் முதலில் டெபியனின் பாதுகாப்புக் குழுவிடமும், லினக்ஸ் வினியோகங்களின் மூடிய குழுவிடமும் சொன்னார். பிறகு மார்ச் 29 அன்று முழு விவரத்தையும் பொதுவில் வைத்தார். தாக்குபவரிடம் ஏற்கெனவே சாவி இருக்கும்போது ரகசியம் காப்பதால் அவருக்கு மட்டுமே லாபம். பெரும்பாலான நிலைப் பதிப்புகளுக்குள் போகும் முன்பே அது பிடிபட்டது.

அந்த ஜியா டான் உள்ளே வந்த விதம்தான் இந்தத் தலைப்புக்கு இன்னும் நெருக்கமானது. எக்ஸ்இசட்டைப் பல ஆண்டுகள் தனி ஆளாகப் பார்த்துக்கொண்டவர் லாஸ்ஸே காலின். 2022இல் அவருடைய மடற்குழுவில் சில பெயர்கள் திடீரென முளைத்தன. பேட்ச் ஏன் தாமதம், உங்களுக்கு ஆர்வம் போய்விட்டது, வேறு ஆளிடம் கொடுங்கள் என்று நச்சரித்தார்கள். நீண்டகால மனநலச் சிக்கல் இருக்கிறது, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று அவர் பதில் எழுதினார். நச்சரிப்பு நிற்கவில்லை. அந்தப் பெயர்களெல்லாம் ஒரே கூட்டத்தின் போலிக் கணக்குகள் என்பதே பரவலான கருத்து. மரியாதையில்லாத பின்னூட்டம் மனத்தைப் புண்படுத்தும் என்றுதான் நாம் பேசுவோம். இங்கே அது பூட்டைத் திறக்கும் கருவியாகவே வேலை செய்தது. சாதாரண நாட்களில் ‘இன்னுமா சரிசெய்யவில்லை?’ என்று கேட்டுக்கொண்டிருக்கும் ஆயிரம் பேரின் சத்தத்தில், இந்த நாலு பேரின் சத்தம் வித்தியாசமாகவே தெரியவில்லை.

தேதி வந்த பிறகு

ஜூலை 18 வந்துவிட்டது, ஆய்வகத்திடமிருந்து பதில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். நான் அன்றே பொதுவில் எழுத மாட்டேன். மடல்களின் நகலோடு செர்ட்-இன்னுக்கு அனுப்பிவிட்டு, அனுப்பியதை ஆய்வகத்துக்கும் தெரிவிப்பேன். அதற்குப் பிறகும் அசையவில்லை என்றால் எழுதுவேன், ஆனால் முறையை எழுத மாட்டேன். ‘இந்த மென்பொருளைப் பயன்படுத்தும் ஆய்வகங்களின் ரிப்போர்ட் பிறருக்கும் தெரியும் நிலை இருக்கிறது; ஜூன் 3 அன்று தெரிவித்தேன்; இன்னும் சரியாகவில்லை’ என்ற அளவு போதும். ரிப்போர்ட் வாங்குகிறவர் தாளாகவே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எண், லிங்க், ஸ்கிரீன்ஷாட் எதுவும் வேண்டாம். பெயரை மறைத்த ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டாம், முகவரிப் பட்டையை மறைக்க மறந்தவர்கள் நிறைய.

பதில் வந்து அவகாசம் கேட்டால் கொடுக்கலாம். புராஜெக்ட் ஜீரோவே, பேட்ச் தயாராகிக்கொண்டிருக்கிறது என்றால் 14 நாள் கூடுதலாகத் தருகிறது. எந்தப் படியில் நிற்கிறது, எந்த நாளில் முடியும் என்று எழுதிக் கேட்பவருக்கு அந்த 14 நாளை நான் யோசிக்காமல் தருவேன். ‘எங்கள் குழு கவனித்துக்கொண்டிருக்கிறது’ என்று மட்டும் வரும் மடலுக்குத் தர மாட்டேன்.